அனுப்பாத விண்ணப்பங்கள்

2006ஆம் ஆண்டு மாசியில் நான் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தேன். பாட்டும் நடனமும் நடிப்பும் சேர்ந்த இசை நாடகம் படிக்க ஆசைப்பட்டு, விண்ணப்பிப்பதற்கு நான்கு கல்லூரிகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதலாவது நாங்கள் வாழ்ந்த ஒஸ்லோவிலேயே இருந்தது. அதன் அறிமுக நாளுக்கு அம்மா வேலையில் லீவு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

அங்கே ஓர் ஆசிரியை என்னைப் பாடச் சொன்னார். பாடி முடித்ததும் தனியாகக் கூப்பிட்டு, குரல் நல்ல குரல்தான், ஆனால் உன்னைப் போன்ற தோற்றமுள்ளவர்களுக்கு இங்கே வேடங்கள் கிடைப்பது அரிது, யோசித்துக்கொள் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனால் கோபிக்கவும் முடியவில்லை.

எங்கள் வீடு இருந்த ஹொல்ம்லியாவுக்குத் திரும்பும் ரயிலில் அம்மா கேட்டார்.

"என்னவாம் பிள்ளை? அந்த டீச்சர் என்ன சொன்னவ?"

"குரல் நல்லாயிருக்காம், அம்மா."

"எனக்குத் தெரியும்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும் முன்பே சித்திக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

மற்ற மூன்று கல்லூரிகளின் படங்களிலும் என்னைப் போல ஒரு முகத்தைத் தேடினேன். இல்லை. தாளில் இருந்த நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். விண்ணப்பத் திகதி கடந்து போனது.

கோடையில் அம்மா கேட்டபோது, "ஒண்டும் கிடைக்கேல்லை" என்றேன்.

"அவையளுக்குக் காது கேக்காதே?" என்று அம்மா பொரிந்து தள்ளினார். இன்றும் அந்த ஒஸ்லோக் கல்லூரியைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் பக்கத்தில் நடக்கிறேன்.