மொரப்பூர் ஸ்டேஷனில் வயசுக்கு வந்தவள்

எங்கள் ஊரில் பதினைந்து வயதுப் பெண்ணின் வயிற்றைப் பார்த்து முடிவு சொல்ல டாக்டர் தேவையில்லை, என் அத்தை போதும். அப்பாவின் அக்கா. ஒருநாள் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னும் வயசுக்கு வரலன்னு சொல்றீங்க, வயிறு மட்டும் ஏன் இப்படி உப்பிக் கெடக்குது?" என்று அம்மாவிடம் கேட்டாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

அந்த வருடம் நான் பத்தாம் வகுப்பு. கணக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பரீட்சையை எழுதிவிட்டால் டீச்சர் ஆகிவிடலாம் என்பது என் கணக்கு. பிள்ளை எப்படி உண்டாகும் என்பதே அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. தெரியாத பாடத்தில் என்னைப் பெயிலாக்கி வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மாதாமாதம் நாலைந்து நாள் அடிவயிறு பிடுங்கி எடுக்கும். அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பாள், அதோடு சரி. கடைசியில் சிறுநீர் இறங்காமல் நான் சுருண்டு விழுந்த பிறகுதான், மொரப்பூரில் ரயிலேற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

குழந்தைகள் வார்டில் என் தாவணியைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பினார்கள். பெண்கள் வார்டில் ஒரு நர்சம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல், "எத்தனை மாசம்?" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பதினைந்து வயதுக்கென்று நாட்டில் சினிமா உண்டு, பாட்டு உண்டு, ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்தான் கிடையாது. ஒருவழியாகக் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்து, பெண்கள் வார்டின் மூலையில் படுக்கவைத்தார்கள்.

காலையில் பெரிய டாக்டரம்மா வந்தார். பின்னாலேயே பயிற்சி டாக்டர்கள், பாதிப்பேருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என்ன வியாதி என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். ஒருவர் கட்டி என்றார், ஒருவர் குடல்புழு என்றார். இன்னொருவர் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்குப் புரியாது என்ற நினைப்பு! வேறு எந்த இங்கிலீஷ் புரியாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தையை வந்த முதல் நாளே நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

"இத்தனை பேர்ல யாராச்சும் இந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா. "இந்த வயசுப் பிள்ளைங்களத் தனியா வச்சுத்தான் கேக்கணும். அதக் கத்துக்காம என்ன படிச்சு என்ன?"

எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், அம்மாவையும்தான்.

"நான் பெத்தவளுங்க," என்றாள் அம்மா.

"அதனாலதாம்மா வெளிய இருக்கச் சொல்றேன்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார். அந்த வயிற்றைப் பற்றி என்னிடமே கேட்ட முதல் ஆள் அவர்தான். மாதாமாதம் வலிப்பதைச் சொன்னேன். பரிசோதித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணு வயசுக்கு வந்து ஒரு வருஷமாவது இருக்கும். பொறப்புலேயே மெல்லிசா ஒரு தோல் வழிய அடைச்சிருக்கு. மாசாமாசம் வர்றது வெளிய வரமுடியாம உள்ளேயே தங்கிடுச்சு. சின்னதா ஒரு ஆபரேஷன், அவ்வளவுதான்."

அம்மா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்க இத்தனை பேருக்கு ஒரு வருடமா?

ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியதும் அடுத்த சிக்கல். வயசுக்கு வந்த நேரத்தைக் குறித்து ஜாதகம் எழுத வேண்டுமே! ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் நாள் தெரியாது. டாக்டரம்மா கத்தி வைத்த நேரம் ராகுகாலம். ஜோசியர் வெகுநேரம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, நாங்கள் மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கிய நேரம் அருமையான நேரம் என்றார். அப்படியாக நான் இரண்டாம் பிளாட்பாரத்தில் வயசுக்கு வந்தேன்.

பழி நீங்கியது ஊருக்குத் தெரியவேண்டும் என்று அப்பா மைக் செட் வைத்து விருந்து போட்டார். வாய்க்கு வந்ததைப் பேசியவர்கள் எல்லாம் முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். மாமா எடுத்த பட்டுப்புடவையில், கழுத்து கொள்ளாத மாலையோடு நான் நாற்காலியில் இருந்தேன். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கேட்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று அவர் கையைப் பிடித்தேன்.

"அப்பா, திங்கக்கெழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகட்டுங்களா?"

அவர் ஆசையாக என் கன்னத்தைத் தடவினார். "இனி எதுக்கு சாமி பள்ளிக்கூடம்? வயசுக்கு வந்த புள்ளைய யாராச்சும் வெளிய அனுப்புவாங்களா?"

ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போது வந்தது. அடக்க முடியவில்லை. அத்தைதான் ஓடி வந்து, போட்டோக்காரரைப் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள்.

"வெக்கத்தப் பாருங்க எம் மருமவளுக்கு!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.