அக்கா இறங்கிய வயல்

அம்மா நான்கு நாட்களாக என் நாக்கைப் பழக்கிக்கொண்டிருந்தாள். தலை வாரிக்கொண்டே இருப்பவள் திடீரென்று, கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும் ஆளைக் கைகாட்டி, யாருடி அது என்பாள். அக்கா என்று நான் சொல்ல வேண்டும். தடுமாறினால் சீப்பின் முதுகால் மண்டையில் ஒரு தட்டு. எனக்குப் பத்து வயது. வாய் பேசிய நாளிலிருந்து அண்ணே என்று கூப்பிட்டவளை நான்கு நாளில் அக்கா ஆக்குவது பதினாறாம் வாய்ப்பாட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆட்டுக்குட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். அடிபம்பிடம் சொல்லிப் பார்த்தேன். அவை ஒன்றும் மறுக்கவில்லை.

அக்காவுக்குப் பதினேழு வயது. திருநங்கை என்ற சொல் அப்போது எங்கள் தெருவரைக்கும் வந்திருக்கவில்லை. வந்திருந்ததெல்லாம் கல்லைப்போல் எறியத் தோதான சொற்கள். பள்ளிக்கூடத்தில் எறிந்தார்கள், படிப்பு நின்றது. டீக்கடையில் எறிந்தார்கள், அந்த வழியாக நடப்பது நின்றது. கொல்லைப்புறமாகவே ஒருத்தி எத்தனை நாள் போய் வருவாள்? வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணி பஸ்ஸில் தஞ்சாவூர் போய், அங்கிருந்து ரயில் மாறி மாறிப் பம்பாய்க்குப் போய்விடுவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஊரே எங்கெங்கோ கிளம்பிக்கொண்டிருந்த காலம்தான் அது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். மாமா சிங்கப்பூரில் கட்டட வேலை. போனவர்கள் பொங்கலுக்குப் பெட்டியோடு வந்தார்கள். ஆனால் கீழத்தெருவிலிருந்து அக்காவைப் போலவே பம்பாய்க்குப் போன ஒருத்தியைப் பற்றி மூன்று வருஷமாக ஒரு கடுதாசிகூட இல்லை. அம்மாவின் தூக்கம் அந்தக் கடுதாசி இல்லாத இடத்தில்தான் அறுந்து அறுந்து போனது.

அம்மா பதினாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு நடவுக்குப் போகிறவள். நாற்றங்காலில் நாற்றைப் பறித்துக் கட்டுக் கட்டிச் சுமப்பது ஆண்கள் வேலை, வயலில் இறங்கி நடுவது பெண்கள் வேலை. இது எந்தச் சட்டத்திலும் எழுதியதில்லை. எழுதாததால்தான் யாராலும் மாற்ற முடியவில்லை. அம்மா அக்காவிடம் அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை கேட்டாள். வலங்கைமான் பக்கம் நம்மைத் தெரியாத ஊரில் ஒரு நடவு இருக்கிறது, எங்களோடு சேலை கட்டி வா, என் பக்கத்தில் நில். அதற்குப் பிறகும் போக வேண்டுமென்றால் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றாள்.

அத்தைக்கு இது துளியும் பிடிக்கவில்லை. அப்பாவின் அக்கா, நடவில் அம்மாவுக்கு அடுத்த கை, வாயில் முதல் கை. வீட்டுக்குள் இருக்கிற சங்கதியை வயலுக்குக் கொண்டுவந்தால் நாளைக்கு நம்மையும் சேர்த்துல்ல பேசுவானுவ என்று வேனில் ஏறும்போதெல்லாம் முணுமுணுத்தாள். அக்கா உட்கார்ந்தால் இவள் எழுந்து வேறு இடம் போவாள். ஆனால் அக்கா நட்டதைக் குறை சொல்ல வாயெடுத்து, சொல்ல ஒன்றும் கிடைக்காமல் இரண்டு தடவை வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அது காலாண்டு லீவு. தண்ணீர்க் குடத்தோடு நானும் போனேன். புதன் போனது, வியாழன் போனது. அந்த ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அக்கா குனிந்தபடி சிரிக்கிற சத்தம்கூட ஒருமுறை கேட்டது. வெள்ளிக்கிழமை கடைசி வயல். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருஷம், மறுநாள் வாய்க்கால் அடைபட்டுவிடும், அன்றைக்கே நட்டாக வேண்டும். பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர் டி.வி.எஸ். ஐம்பதை வரப்பு முனையில் நிறுத்திவிட்டு வாய்க்காலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடத்தை இடுப்பில் வைத்து வாய்க்காலைத் தாண்டினேன். காலடியில் ஏதோ வழுக்கியது. பாம்பு.

தண்ணிப் பாம்புதான். கடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது மண்குடம் விழுந்தது, நான்கு நாள் பாடம் அதோடு விழுந்தது. அண்ணே, அண்ணே என்று வயல் முழுக்கக் கேட்கும்படி அலறினேன்.

அக்கா கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டு, சேலையைத் தொடைக்கு மேல் வரிந்துகொண்டு, சேற்றில் பெரிய பெரிய எட்டாக வைத்து ஓடி வந்தாள். ஒரு குச்சியால் பாம்பைத் தூக்கி மறுகரையில் விட்டாள். என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குள் காரியக்காரர் பக்கத்தில் வந்துவிட்டார். அக்கா தலையில் சுற்றியிருந்த துண்டு அவிழ்ந்து கிடந்தது. முகத்தை உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாரைடி அண்ணேன்ன?"

நான் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா வயலின் நடுவிலிருந்து, ஐயா, அது என் பிள்ளை, நல்லா நடும், பாருங்க என்றாள். அவர் நட்ட இடத்தைப் பார்க்கவே இல்லை. நாற்றங்காலில் ஆள் இல்லாமல் மூன்று கிழவர்கள் திணறுகிறார்கள், இங்கே ஒரு ஆம்பிளை சேலை கட்டிக் கூத்தடிக்கிறானா என்று ஆரம்பித்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"சீலைய அவுத்துப் போட்டுட்டு நாத்தங்காலுக்குப் போடா."

அக்கா என்னைக் கீழே இறக்கினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. தப்பு செய்தவள் நான், ஆனால் தப்பு செய்தவளைப் போல நடந்து போனது அவள். வேன் நிற்கும் ரோட்டுப் பக்கமாகத் திரும்பி நாலு அடி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் அத்தை நிமிர்ந்தாள். கையிலிருந்த நாற்றைச் சேற்றில் செருகிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் கரையேறினாள். அக்காவின் முழங்கையைப் பிடித்து வரப்பில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க வரிசைல நிக்கிறவள சீலைய அவுக்கச் சொன்னா, எங்க எல்லாரையும் சொன்ன மாதிரிதாங்க ஐயா. இனி நீங்களே நட்டுக்குங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். கடைசியாக அம்மா. பதினாறு பேர் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்கள். ஒருத்தி தன் மருமகளைப் பற்றிக் கதை சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். வயல் பாதி பச்சை, பாதி கண்ணாடி. தட்டான்கள் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பறந்தன. கால்களில் சேறு காய்ந்து வெடித்தது. காரியக்காரர் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். வேறு ஆள் கூப்பிடுவேன் என்றார். எங்கேயிருந்து கூப்பிடுவார், நாலு ஊரிலும் அன்றைக்கு நடவு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. களைத்துப்போய்த்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் ஒரு சத்தத்தால் எல்லாருக்கும் வேலை போனதே என்றும் நினைத்தேன். இரண்டு நினைப்புக்கும் நடுவில் நிற்க முடியாமல் உடைந்த குடத்தின் ஓடுகளைப் பொறுக்கினேன், கொட்டினேன், மறுபடியும் பொறுக்கினேன்.

கடைசியில் காரியக்காரர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். பெரிய பெரிய உரிமைகள்கூட இப்படித்தான், யாரோ டீ குடிக்கப் போன நேரத்தில் கிடைத்திருக்கின்றன. வண்டி திரும்பியதும் அத்தை எழுந்து, உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போச்சு, எறங்குங்கடி என்றாள். தனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இடம் விட்டு, அக்காவை அங்கே இழுத்து நிறுத்தினாள். நட்டது கோணலாயிருந்தா தெரியும் சேதி என்று ஒரு மிரட்டலும் போட்டாள். பொழுது சாய்வதற்குள் முழு வயலும் பச்சையானது.

திரும்பி வரும்போது வேனில் அக்காவின் மடியில் நான். அவள் கை சில்லிட்டிருந்தது. நாளெல்லாம் சேற்றில் நின்ற குளிர் என்று நினைத்து, இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்துவிட்டேன். இனிமே அப்படிக் கூப்பிட மாட்டேன் என்று காதில் சொன்னேன்.

"பயம் வந்தா வாயில எது வருதோ அதக் கூப்பிடு. நான் வருவேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மா அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கொல்லைக்குப் போனால், அக்கா ஒரு ரெக்சின் பையைத் திறந்து, மடித்து அடுக்கியிருந்த துணியையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பாவாடை, ஒரு சேலை, பழைய சட்டை ஒன்று, எல்லாமே துவைத்த துணி. முந்தாநாள்தான் கொடியில் காய்ந்ததை நானே பார்த்தேன். நீலக் கட்டிச் சோப்பு அவள் கையில் பாதியாகிவிட்டது.

கோள் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு. அடுப்படிக்கு ஓடி, துவைச்ச துணியவே துவைக்கிறா, சோப்பெல்லாம் தீருது என்றேன். அம்மா அடுப்பைத் தணிக்காமல்கூட எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள், காலிப் பையைப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, அவளும் ஒரு துணியை எடுத்துக் கும்மத் தொடங்கினாள்.

மெயின்ரோட்டில் எட்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் தலையைத் தூக்கவில்லை. பெரியவர்களுக்கு என்ன ஆயிற்று, நாளைக்கு என் பாவாடைக்குச் சோப்பு இருக்காதே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டு நின்றேன்.