பாதி விரல்

உப்பு அரைக்கும் ஆலையில் ஒரு பெண்ணின் விரல்கள் போனது நான் போட்ட சுவிட்சால். ஓடுகிற இயந்திரத்தில் அவரே கையை விட்டார் என்று முதலாளியிடம் சொன்னதும் நான்தான்.

இயந்திரம் நின்றிருந்தது. அதன் வாயில் ஈர உப்பு கட்டிப்போயிருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, வேறொருவரோடு பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டேன். நான் மேற்பார்வையாளன், பட்டம் படித்தவன். அவர் பாத்தியிலிருந்து உப்பு சுமப்பவர். யார் பேச்சு எடுபடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு வேலை போனது. ஊர் அவரைக் கவனமில்லாதவர் என்றது. அவர் கணவரும் சாகும்வரை அப்படித்தான் சொன்னார்.

நாங்கள் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நான் முன் பெஞ்சு, அவர் பின்னால். போன மார்கழியில் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, அவர் வலது கையைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். "பனி எறங்குனா வெட்டுப்பட்ட எடம் குத்துது, உயிரு போவுது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

கடைக் கையுறைக்கு ஐந்து விரல் இருக்கும். இரண்டு வெறுமையாகத் தொங்கும். அதனால் நானே பின்னுவது என்று முடிவு செய்தேன். புதுச்சேரியில் கம்பளி நூலும் ஊசிகளும் வாங்கிவந்தேன். நர்சிங் படித்தபோது விடுதியில் பின்னக் கற்றிருந்த மருமகள் சொல்லிக்கொடுத்தாள்.

"ஏன் மாமா, மரக்காணத்துல ஐஸ் மழை பெய்யப் போவுதா? யாருக்கு இது?"

நான் ஊசியை அவளிடம் நீட்டினேன்.

மணிக்கட்டில் தொடங்கித் தட்டையாகப் பின்னி, பக்கத்தைத் தைத்து மூட வேண்டும். நான் இறுக்கிய இறுக்கில் அடுத்த வரிசைக்கு ஊசியே நுழையவில்லை. "நூலு என்னா மாமா பாவம் பண்ணுச்சு? விட்டுப் புடிங்க" என்றாள். ஒரு கண்ணி நழுவி மணிக்கட்டுவரை பிரிந்தது. எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி பின்னினேன். கட்டைவிரலைச் சேர்த்ததும் அவள் சிரித்தாள்: "இது எடது கை மாமா." மறுபடி அவிழ்த்தேன். கடைசியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உருவாயின. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் வரவேண்டிய இடத்தில் கண்ணிகளை அடைத்தேன். பிறகு பக்கத்தைத் தைத்து மூடினேன்.

நான் போனபோது அவர் தன் வீட்டு வாசலில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க சார்." கையுறையை நீட்டினேன். ஒன்றும் கேட்காமல் கையைத் துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். கட்டைவிரல் நுழைந்தது. கடைசி இரண்டு விரல்களும் நுழைந்தன. அதற்குமேல் கை ஏறவில்லை.

"ஆள்காட்டி வெரலு பாதி இருக்குதுங்க சார்."

கையைத் தூக்கிக் காட்டினார். அப்போதுதான் அந்தக் கையை நான் நேராகப் பார்த்தேன். இத்தனை காலமும், நான் எடுத்தது எவ்வளவு என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

நின்றபடியே சொன்னேன். "சுவிட்ச போட்டது நான்தாம்மா. பாக்காம போட்டேன். மொதலாளிகிட்ட பொய் சொன்னேன்."

அவர் கையுறையைக் கழற்றினார்.

"மெஷினு நின்னுனு இருந்துச்சுன்னு எத்தினி வாட்டி சொன்னேன். எங்க வூட்டுக்காரரே நம்பல." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இத எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? எனுக்குத் தெரிஞ்சதுதான. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது கோயில் படியில் நின்று பேச ஆரம்பித்தேன். "விடுங்க சார், பழைய கதைய எதுக்குக் கெளறினு" என்று ஒருவர் என் தோளைப் பிடித்து இறக்கப் பார்த்தார். ஆலையில் மூட்டை தூக்கிய கிழவர் ஒருவர், "ஏம்பா, அந்தப் பொம்பளயத்தான நாங்கள்லாம் திட்டினு கெடந்தோம்" என்றார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "சத்தமா சொல்லுங்க சார். பின்னாடி கேக்கல."

முதலிலிருந்து மறுபடி சொன்னேன். முடித்துவிட்டுப் படியிறங்கினேன். அவர் எனக்கு முன்பாகவே கிளம்பிப் போய்விட்டார்.

கூட்டத்தில் மருமகளும் இருந்தாள். அன்று முதல் அவள் என்னைக் கேலி செய்வதில்லை. அந்தக் கையின் அளவை அவளே போய் எடுத்து வந்தாள். பாதி விரலுக்கு எத்தனை வரிசை என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து உள்ளே போனாள். நான் பின்னி முடித்ததும் கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவள்தான். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"போட்டுப் பாத்தாங்க. சரியா இருக்குது" என்றாள்.

"வேற எதாவது சொன்னாங்களா?"

"நீங்க அங்க வர வேணாம்னு சொன்னாங்க மாமா."