தட்டின் மேல் ஒரு கட்டைவிரல்

கடையில் விற்கிற வித்தைப் பொருட்களை நான் லேசில் நம்புவதில்லை. பொட்டலத்தின் மேல் ஒருவன் வாயைப் பிளந்து வியந்துகொண்டிருப்பான். பிரித்துப் பார்த்தால் காசு கொடுத்தவனுக்குத்தான் வாய் பிளக்கும். எனக்கு வாரமெல்லாம் கன்டெய்னர் யார்டில் எழுத்தர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பிறந்தநாள், காதுகுத்து என்று போய் மேசை மேசையாகக் கைவித்தை காட்டுவேன். மேடை, புகை, பெட்டிக்குள் பெண் என்பதெல்லாம் என்னிடம் கிடையாது. பார்ப்பவரின் மூச்சு என் கையில் படுகிற தூரம்தான் என் தூரம். மட்டமான பொருள் அங்கே உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இந்தப் பக்கத்து வித்தைக்காரர்கள் எதை வாங்கினாலும் என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, இது தேறுமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் தேறாது என்பேன். முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறேன் என்று வருத்தப்படுவார்கள். படட்டும்.

இரண்டு வருடம் முன்பு இதே கேள்வியோடு வந்தவன் வித்தைக்காரன் இல்லை. என்னோடு ஒரே தெருவில் வளர்ந்த நண்பன். திருவொற்றியூரில் டப்பா மூடி அடிக்கிற பட்டறையில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் அந்த பிரஸ் அவனுடைய வலது கட்டைவிரலின் மேல் பாதியை எடுத்துக்கொண்டது. பிறகு அவனை கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கை பேன்ட் பாக்கெட்டிலேயே குடியிருந்தது. டீக்கடையில் கூட இடது கையால்தான் கிளாஸை வாங்குவான்.

"மாமு, உன்கிட்ட ஒரு பொய் வெரலு கீதே, கர்ச்சீப்ப உள்ள வச்சி மறைப்பியே. அத்த நான் மாட்டிக்கினா தெரியுமா?" என்று கேட்டான்.

"உனக்கு இன்னாத்துக்குடா அது?"

"பொண்ணு கல்யாணத்துல தட்டு மாத்தணும் இல்ல. ரெண்டு கையாலயும் புடிக்கணும். போட்டோக்காரன் மூஞ்சிக்கு நேரா வந்து எடுப்பான். அந்த ஆல்பம் காலத்துக்கும் கெடக்கும் மாமு. ஒரே ஒரு தபா முழு கையோட நின்னுட்டேன்னா போதும்."

சம்பந்தி வீட்டில் எதையும் மறைக்கவில்லை என்றும் சொன்னான். பெண் பார்க்க வந்த அன்றே கையை நீட்டிக் காட்டிவிட்டானாம். அவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் கேட்டது படத்துக்காக மட்டும்தான்.

பொய் விரல் என்பது உள்ளே குழிவான பிளாஸ்டிக் கட்டைவிரல். சொந்த விரலின் மேல் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். அதன் சூட்சுமம் பிளாஸ்டிக்கில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது. கை அசைந்துகொண்டே இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. நின்றால் போச்சு. தாம்பாளத் தட்டைப் பிடிக்கிறவனின் கட்டைவிரலோ விளிம்புக்கு மேலே, வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில், ஆடாமல் அசையாமல் ஊருக்கே தெரிகிற மாதிரி படுத்துக்கிடக்கும். இந்தப் பொருளுக்கு அதைவிடக் கொடுமையான பரீட்சை வேறு இல்லை. தேறாது என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன்.

வந்து சேர்ந்ததைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 'தோல் நிறம்' என்று போட்டிருந்தான். எவன் தோல்? புது ரப்பர் மாதிரி ரோஸ் கலரில் இருந்தது. பழுப்பு ஷூ பாலிஷை லேசாகத் தேய்த்துத் துடைத்தேன். பளபளப்பு அடங்க மேலே பவுடர் போட்டேன். நிறம் ஒருவழியாக அவனுக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் நகம் காட்டிக்கொடுத்தது. உழைத்த கையின் நகம் அவ்வளவு சுத்தமாக இருக்காது. பென்சில் கரியைத் தொட்டு நகத்தின் ஓரத்தில் ஓடவிட்டேன். மீதியிருந்த அரை விரலில் அது நிற்காமல் கழன்றது. உள்ளே பஞ்சை அடைத்து, அடியில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியைச் சுற்றினேன். பிறகு நின்றது.

எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டில் நாலு வாழைப்பழத்தை வைத்து அவன் கையில் கொடுத்தேன். என் மனைவியை எதிரில் சம்பந்தியாக நிறுத்தினேன். அவளுக்கு வித்தை என்றாலே எரிச்சல். அவளை ஏமாற்றினால் எல்லாரையும் ஏமாற்றின மாதிரி.

"வெரல்ல குத்தம் இல்ல. ஆனா அண்ணன் அதையேதான் பாத்துனு கீறாரு," என்றாள்.

நிஜம்தான். தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றான். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. வித்தைக்காரன் எங்கே பார்க்கிறானோ, அங்கேதான் ஊர் பார்க்கும்.

"தலையத் தூக்குடா! நீ பாக்காத எடத்த எவனும் பாக்க மாட்டான்," என்று கத்தினேன்.

தூக்கினான். மறுபடி மறுபடி செய்யவைத்தேன். போகப் போக நன்றாகவே செய்தான். கழற்றித் தரும்போது மட்டும் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பயத்தில் நிற்கிறான் என்று நினைத்து, "ஒண்ணும் ஆவாது, போ" என்றேன்.

கல்யாணம் கடற்கரைச் சாலை மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் சாயங்காலம் தட்டு மாற்றினார்கள். நான் தூணோரம் நின்று விரலையே கவனித்தேன். கேமரா வெளிச்சம் பளீரென்று அடித்தும் அது பிசகவில்லை. மறுநாள் தாலி கட்டுகிற வரைக்கும் அவன் அதைக் கழற்றவில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மனசுக்குள் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.

ஆல்பம் வர நாளாயிற்று. வந்ததும் ஆள் விட்டுக் கூப்பிட்டான். மகளும் கும்மிடிப்பூண்டி மாமியார் வீட்டிலிருந்து பார்க்க வந்திருந்தாள். அவன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, "பாரு மாமு, வெரலு இன்னா சோக்கா கீது பாரு" என்று குழந்தை மாதிரி குதித்தான். தட்டின் விளிம்பில் அந்த விரல், கரி ஓடிய நகத்தோடு, அசல் அவனுடைய விரலாகவே இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு கடைச் சரக்கை நான் முழு மனசோடு தேறும் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

பின்னால் நின்றிருந்த மகள் மெதுவாகச் சொன்னாள்: "எல்லாம் நல்லாதான் கீது மாமா. ஒரு போட்டோல கூட எங்கப்பா என்னப் பாக்கல."

அவன் கை நின்றது. ஆல்பத்தை முதலிலிருந்து திருப்பினான். நானும் அப்போதுதான் விரலை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். தட்டு மாற்றும்போது குனிந்திருந்தான். மகள் அவன் காலில் விழுந்து எழும்போதும் குனிந்திருந்தான். தாலி ஏறும்போது மண்டபமே அவளைப் பார்த்து அட்சதை போடுகிறது, ஓரத்தில் அவன் மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மகள் அழுகிற படத்திலும் அப்படித்தான்.

"கயண்டுக்கும்னு பயந்தியாப்பா?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பயம் இல்லம்மா," என்றான். "நெசமாவே திரும்பி வந்த மாரி இருந்துச்சி. கண்ண எடுக்க முடில."

மண்டபம் நிறைய ஆட்களை ஏமாற்றத்தான் அதைச் செய்துகொடுத்தேன். அதில் முழுசாக ஏமாந்தது மாட்டிக்கொண்டவன்தான்.

தண்டவாளப் பக்கம் கும்மிடிப்பூண்டி ரயிலின் ஹார்ன் கேட்டது. மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவன் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, அந்தக் குட்டை விரலோடு கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"இப்பப் பாக்குறேம்மா. கொஞ்சம் நில்லு."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். "வண்டி வந்துச்சிப்பா," என்று சொல்லிவிட்டு வேகமாகப் படி இறங்கினாள்.