லேசான கொரோனா

முதலில் போனது மூக்கு. சித்திரை மாதம் ஒரு காலையில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா இருமிக்கொண்டே வாசலில் வந்து நின்றார். "ஏத்தா, வத்தல் தீயுது. தெருவே நெடி தாங்கல, ஒனக்குத் தெரியலையா?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டியில் மிளகாய் கருகிக் கிடந்தது.

அது கொரோனாவின் இரண்டாம் அலை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில், பட்டாசுப் பெட்டி லேபிள்களுக்குப் பிழை திருத்தும் வேலை. கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். மகள் அப்போது ஏழாம் வகுப்பு.

அடுத்த இரண்டு நாட்களில் காய்ச்சல், தலைவலி, வயிற்றுப்போக்கு, மூட்டுவலி, சும்மா உட்கார்ந்திருந்தாலும் படபடப்பு என எல்லாம் சேர்ந்து வந்தன. எனக்கும் கணவருக்கும் தொற்று உறுதியானது. அவருக்கு ஆக்சிஜன் இறங்கியதால் விருதுநகரில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். எனக்கு ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவி) தொண்ணூற்றாறு காட்டியது. சீட்டில் 'லேசானது' என்று எழுதி, மாத்திரை தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சிறுவயதிலிருந்தே எனக்கு வீசிங் (மூச்சுக்குழல் சுருங்கி வரும் இளைப்பு) உண்டு. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மருத்துவமனை வாசலில் அத்தனை பேர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது சொல்ல வெட்கமாக இருந்தது.

காய்ச்சலின் நான்காம் நாள் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அன்று விட்டால் மறுபடி ஒரு வாரம் ஆகும். எங்கள் வீடு மாடியில். தொற்று வீடு என்பதால் எல்லோரும் பிடித்து முடித்த பிறகே என் முறை. மகளை அறையை விட்டு வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பதினான்கு குடம் சுமந்தேன். ஏழாவது குடத்தில் கண் இருட்டியது. படியில் உட்கார்ந்தேன். எழுந்து எட்டாவதைச் சுமந்தேன்.

கணவர் பதினோராம் நாள் வீடு திரும்பினார். ஒன்றரை மாதத்தில் வண்டி எடுத்துவிட்டார். ஊரடங்கு முடிந்து அச்சகம் திறந்த அன்றே நானும் போனேன். சீசன் ஆர்டர்கள் குவிந்திருந்தன.

அங்கேதான் தெரிந்தது, நான் பழைய ஆள் இல்லை என்று. வரியைப் படித்து முடிக்கும்போது அதன் தொடக்கம் மறந்துபோனது. பத்தடி நடந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு மருத்துவர்களிடம் போனேன். எக்ஸ்ரே, இசிஜி (இதயத் துடிப்பின் வரைபடம்) எல்லாம் நார்மல். ஒருவர் தூக்க மாத்திரை எழுதினார். இன்னொருவர், "மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்கம்மா" என்றார்.

வேலை விட்டு வந்தால் பாயில் விழுந்துவிடுவேன். அப்படிக் கிடந்தபோது நாத்தனார் பார்க்க வந்தாள். "ஏன் மதினி, அண்ணனுக்கு ஆக்சிஜன் வச்சு அம்புட்டுப் பாடுபட்டுச்சு, இப்ப வண்டி ஓட்டுது. ஒங்களுக்கு மாத்திரையோட போச்சு. இன்னும் படுத்தே கெடக்கீகளே?" என் கையில் இருந்த ஒரே சான்று அந்தச் சீட்டு. அதுவும் அவள் பக்கமே பேசியது.

மூன்றாம் மாதம் அது நடந்தது. தரையில் வைத்துக் கொளுத்த வேண்டிய புஸ்வாணத்தின் பெட்டி லேபிள். தட்டச்சு செய்தவர் மத்தாப்பு லேபிளிலிருந்து வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்: 'கையை நீட்டிப் பிடித்துக் கொளுத்தவும்.' நான் மூன்று முறை படித்தேன். கையெழுத்துப் போட்டேன். பட்டாசு ஆலையில் பெட்டி போடும் பெண் ஒருத்தி கண்டுபிடித்திருக்காவிட்டால், எந்த ஊரிலோ ஒரு குழந்தையின் கை போயிருக்கும்.

மேனேஜர் கோபப்படவில்லை. "ஒங்க கையெழுத்து இருந்தா நான் திரும்பப் பாக்கவே மாட்டேம்மா. இனி எப்படி நம்புறது? கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அதன் பிறகு கணவர் என்னை மதுரைக்கு அழைத்துப் போனார். அங்கே நுரையீரல் மருத்துவர், ஒரு பெண், ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, "மொத வாரத்துல என்னென்ன இருந்துச்சு?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். மூக்கு, காய்ச்சல், வயிறு, படபடப்பு, பிறகு வீசிங், பதினான்கு குடம். இரத்தப் பரிசோதனையில், எனக்கே தெரியாமல் சர்க்கரையும் இருந்தது.

இது நெடுங்கோவிட் (தொற்று நீங்கிய பிறகும் மாதக்கணக்கில் நீளும் உடல்கோளாறு) என்றார். "பொம்பளைங்களுக்கு இது கூடுதலா வருது. வீசிங், சர்க்கரை, மொத வாரத்துலயே இத்தனை தொந்தரவு. இதெல்லாம் இருந்தாக் கவனமாப் பாத்திருக்கணும். இருந்தாக் கட்டாயம் வரும்னு இல்ல. எதுவும் இல்லாதவங்களுக்கும் வருது."

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா?"

"படுத்தே இருங்கன்னு சொல்லியிருப்பேன். படுத்திருந்தா வந்திருக்காதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

திரும்பும் பேருந்தில் கணவர் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். பிறகு கேட்டார்: "பதினாலு கொடமா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ தொற்று வந்தால், முதல் வாரத்தில் உடம்பில் நடப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழைய நோய்களையும் சேர்த்து எழுதுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீட்டுங்கள். 'லேசானது' என்பது நுரையீரலைப் பார்த்து எழுதும் சொல். உங்களைப் பார்த்து எழுதியது அல்ல.

இன்ஹேலரும் சர்க்கரை மாத்திரையும் எடுக்கிறேன். வீட்டு வேலையைத் துண்டு துண்டாகச் செய்கிறேன். முன்னைக்குத் தேவலை, அவ்வளவுதான். தலைக்குக் குளித்தால் அன்றைய நாள் தீர்ந்தது. மகளின் பள்ளி விழாவுக்குப் போவதற்காக இரண்டு நாள் முன்பிருந்தே படுத்துக்கொண்டேன். போய் வந்து நான்கு நாள் கிடந்தேன். ஒரு மாலை நேரத்துக்கு ஒரு வாரம்.

அவள் இப்போது பிளஸ் டூ. பேருந்து நிறுத்தம் வரை என்னோடு நடக்கும்போது, பத்தடிக்கு ஒருமுறை ஏதாவது கடை வாசலில் நின்று எதையோ பார்க்கிறாள். அவளுக்கு அங்கே வாங்க ஒன்றுமில்லை. என் மூச்சு அடங்கியதும், ஒன்றும் நடக்காததுபோல் நகர்கிறாள். பதினேழு வயதுப் பெண் என் மூச்சுக்கு ஏற்ப நடக்கப் பழகிவிட்டாள். அதற்காக, அன்று என்னைக் கேட்காத யாரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.