வராதவரே தலைவர்

எங்கள் ஒழுங்கை ஒரு சின்னச் சந்து, பதினொரு வீடுகள். துறைமுகத்தைப் பார்த்த சரிவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேல்வீட்டுக்காரர் கழுவி ஊற்றுவதெல்லாம் கீழ்வீட்டுக்காரரின் வாசலுக்குத்தான் வரும். அதற்காக நடுவே ஒரு கான், கழிவுநீர் வாய்க்கால், ஓடுகிறது. அந்தக் கானையும், பொதுத் தண்ணீர்த் தொட்டியையும், அதற்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டரையும் பார்த்துக்கொள்வதற்கு ஒரு நலன்புரிச் சங்கம் இருக்கிறது. சங்கம் என்றால் பெரிதாக ஏதோ நினைத்துவிடாதீர்கள். ஒன்பது வருடமாகச் சங்கம் என்பது நான்தான். தபால் கந்தோரில் முத்திரை குத்திக் குத்தி ஓய்வு பெற்று வந்தவளை, 'உங்களுக்கு நேரம் இருக்குத்தானே அக்கா' என்று தலைவர் ஆக்கினார்கள். மோட்டர் போடுவது தலைவர். கானில் குப்பைப் பை அடைத்தால் தடி கொண்டு குத்துவது தலைவர். ஊருக்குள் திரியும் மான்கள் வந்து குப்பையைக் கிழித்துப் போட்டால், மானுக்கும் பதில் சொல்ல வேண்டியவள் தலைவர்.

மகள் இலண்டனில் இருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்குப் போவதாக இருந்தேன். அந்த மாரி மழையில் கான் அடைத்து, கீழே மூன்று வீட்டுக் குசினிக்குள், அடுப்படிவரை, தண்ணீர் வந்துவிட்டது. 'இந்த நேரம் விட்டிட்டுப் போனா எப்பிடி அக்கா' என்று எல்லோரும் வந்து நின்றார்கள். விசரி மாதிரி நானும் நின்றுவிட்டேன். மகள் தனியாகப் பெற்று, தனியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை, பிள்ளையின் படத்தைத்தான் அனுப்பினாள். இப்போது இரண்டாவது பிள்ளை, கார்த்திகையில். போனில் கேட்டாள்: "இந்த முறையும் கானோ அம்மா?"

அன்றைக்கே முடிவெடுத்தேன். புதுத் தலைவரைத் தெரிவு செய்துவிட்டு விமானம் ஏறுவது. இல்லாவிட்டால் நான் ஒரு தாயே இல்லை.

ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவரைத்தான் பதவிக்குப் போடுவார்கள். ஒருவர் கந்தளாயில் ஒரு செத்த வீட்டுக்குப் போய் வந்து பார்த்தால் பொருளாளர். இன்னொருவர் போன் கதைக்க வெளியே போய், திரும்பி வரும்போது உபதலைவர். பிறகு அவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். இந்தப் பயத்திலேயே பொதுக்கூட்டத்துக்கு எங்கள் ஒழுங்கையில் வருகிற கூட்டம் வேறு எங்கும் வராது. கையில் சேலைன் ஊசியோடு ஆஸ்பத்திரியில் இருந்து நேரே வந்து உட்கார்ந்தவரையும் கண்டிருக்கிறேன்.

கூட்டத்துக்கு முதல் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஓய்வுபெற்ற அதிபர் பிளேன்ரீ தந்து உபசரித்தார்.

"தலைவர் எண்டா எனக்கு ஏலாது. பிறஷர். வேணுமெண்டா போசகரா இருக்கிறன்" என்றார்.

போசகர் என்றால் பெயர்ப்பலகையில் பெயர் இருக்கும், கையில் வேலை இருக்காது. அவருக்கு முதலே எங்களிடம் ஐந்து போசகர்கள் இருந்தார்கள். அடுத்த வீட்டில் சீனி வருத்தம். அதற்கடுத்த வீட்டில் "மனுசி விடமாட்டா". மனுசியைக் கேட்டால், "அவரை நான் எங்க பிடிச்சு வச்சிருக்கிறன்?" என்கிறாள். மகளுக்குப் பிள்ளை, நான் போகவேண்டும் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அப்ப மோட்டரை ஆர் போடுறது?" எனக்கு வாயில் ஏச்சு நல்லாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படியில் ஏறினேன்.

கூட்டம் என்னுடைய முற்றத்தில்தான். பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டு, ரோல்ஸும் வாங்கி வைத்தேன். எல்லோரும் வந்துவிட்டார்கள். ரோல்ஸ் முடிந்தது. தலைவர் பதவிக்குப் பெயர் சொல்லுங்கள் என்றதும், அத்தனை பேரும் கடலில் கப்பல் ஏதும் வருகிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் ஹாட்வெயார்க் கடைக்காரர் செருமினார். கிண்ணியாவில் இருந்து வந்து குடியேறியவர், நல்ல பகிடிக்காரர்.

"அக்கா, நம்மட வழக்கப்படி வராத ஆளத்தானே போடணும்? வராத ஆள் ஒராள் இருக்காரே. பூட்டின வீட்டுக்காரர்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏழாம் வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் மகனோடு மெல்பேர்னில். அதிபர் சிரித்துக்கொண்டே வழிமொழிந்தார். சிரித்துக்கொண்டே எல்லோரும் கையைத் தூக்கினார்கள். இருட்ட முதல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கதிரைகளை நான்தான் அடுக்கினேன்.

கோபத்தில்தான் மெல்பேர்ன்காரருக்குப் போன் எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன்.

"எல்லாரும் கை உயர்த்தினவையோ?"

"ஓம்."

"ஒருத்தரும் எதிர்க்கேல்லையோ?"

"இல்லை."

"அப்ப நான் ஏற்றுக்கொள்ளுறன். நீங்கள் செயலாளரா இருங்கோ."

என்ன கோதாரியடா இது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் விடியவே, நாங்கள் தேத்தண்ணீர் குடிக்க முதல், ஒழுங்கையின் வட்ஸ்அப் குறூப்பில் அவருடைய குரல் வந்து விழுந்தது. "தலைவர் கதைக்கிறன். கான் துப்பரவாக்கியாச்சோ? அதிபர், உங்கட வாசலடியைப் படம் எடுத்து அனுப்புங்கோ. மோட்டர் போட்டாச்சோ?" மத்தியானமும் அதே கேள்வி. பின்னேரமும் அதே கேள்வி. துப்பரவாக்கிவிட்டோம் சேர் என்று படம் அனுப்பினால், நல்லது என்பார். அடுத்த நாள் காலையில் திரும்பவும், கான் துப்பரவாக்கியாச்சோ?

சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்கை ஆடிப்போய்விட்டது. கிழமைக்கு ஒரு முறைகூடக் குனியாத அதிபர் தினமும் மண்வெட்டியோடு நின்றார். ஹாட்வெயார்க்காரர் கடை திறக்க முதல் மோட்டரைப் போட்டு, அதன் இரைச்சலை ஒலிப்பதிவு செய்து அனுப்பினார். ஒரு நாள் தலைவர் அவரிடம் வாப்பாவுக்குச் சுகமா என்று கேட்டிருக்கிறார். அவருடைய தகப்பன் மவுத்தாகி, மண்ணுக்குள் போய் எத்தனையோ வருடம்.

"மனுசன் நம்மளச் சோதிச்சுப் பாக்கார் அக்கா. பொய் சொல்லுறமா இல்லையா எண்டு" என்றார் ஹாட்வெயார்க்காரர்.

அதிபர் இன்னும் ஒரு படி மேலே போனார். "ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேக்கிறதுதான் உண்மையான நிருவாகம். நான் பள்ளிக்கூடத்தில செய்ததும் இதுதான்."

மாரி வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. தண்ணீர் முழுக்கக் கானோடு ஓடிக் கடலில் சேர்ந்தது, ஒரு குசினியும் நனையவில்லை. நான் ரிக்கெற் எடுத்தேன். மகளுக்குச் சொன்னபோது அழுதாள், நானும் அழுதேன்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது மெல்பேர்னில் இருந்து போன். தலைவர் இல்லை, தலைவரின் மகன்.

"அன்ரி, அப்பா உங்களுக்குக் கரைச்சல் குடுக்கிறாரோ? அவருக்கு மறதி வருத்தம். ரெண்டு வருசமா. இப்ப சொன்னதை இப்ப மறந்திடுவார். சில நாள் என்ர பேரே தெரியாது. உங்கட குறூப்பில கதைக்கேக்க மட்டும்தான் ஆள் நிமிர்ந்து இருப்பார். நீங்கள் வேற ஆளைப் போடுங்கோ அன்ரி, நான் அவருக்கு மெல்லமாச் சொல்லுறன்."

பாவம் மனுசன் என்று மனது அடித்துக்கொண்டது. ஆனால் அதே நெஞ்சுக்குள் இன்னொன்றும் ஓடியது. இதை வெளியே சொன்னால் நாளைக்கே கூட்டம். எல்லோரும் வருவார்கள், எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். அதற்கடுத்த நாள் விமானத்தில் இருக்கப்போகிறவள் நான் ஒருத்திதான். இல்லாத ஆளைப் போடுகிற வழக்கப்படி திரும்பவும் யாரைப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"தம்பி, இந்த ஒழுங்கைக்கு அவரைவிட நல்ல தலைவர் கிடைச்சதில்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லவேண்டாம், அப்பா இருக்கட்டும்" என்றேன்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்காகச் சொன்னேனா ரிக்கெற்றுக்காகச் சொன்னேனா என்று கேட்டால்தான் எனக்குப் பதில் தெரியாது.

போகிற நாள் காலையில், முறைப்படி தலைவருக்குப் போன் எடுத்தேன். "தலைவர், எனக்கு மூண்டு மாதம் லீவு வேணும். மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது."

"அட! பேரப்பிள்ளையோ! ஐயோ, நல்ல சந்தோசமான விசயமெல்லே! உடன போங்கோ. கானை நான் பாக்கிறன்."

பெட்டியைப் பூட்ட முதல் திரும்ப அடித்தார். "செயலாளர், என்ர கொப்பியில லீவு எண்டு எழுதிக் கிடக்கு. ஏன் லீவு?" சொன்னேன். "அட! பேரப்பிள்ளையோ!" அதே குரல், அதே சந்தோசம், ஒரு சொட்டுக் குறையவில்லை.

கொழும்புக்குப் போகும் வேனில் கந்தளாய் தாண்டும்போது இன்னொரு முறை. பெட்டையோ பெடியனோ என்று தெரியுமா, மகள் சாப்பிடுகிறாளா, குளிருக்கு உடுப்பு வைத்திருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார். ஒன்பது வருடம் அந்தப் படிகளில் ஏறி இறங்கியவளிடம் ஒழுங்கையில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சாரதி கண்ணாடியில் பார்த்தார்.

ஹபரணையில் போன் மறுபடியும் அடித்தது. ஏன் லீவு என்று தலைவர் கேட்டார். முதல் முறை சொல்வதுபோல, ஆறுதலாக, எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன்.