பன்னிரண்டாவது கல்

பெரிய கடையின் கண்ணாடிக் கதவு காலை ஒன்பதுக்குத் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்து, இரண்டு செருப்பையும் கழற்றித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு நடக்கத் தொடங்குகிறார் மட்டக்கோல் மேஸ்திரி. மற்றவர்கள் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். இவர் தரையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. ஐந்தடிக்கு ஒரு தரம் நின்று குடைக்காம்பால் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்பார். "கெட்டி" என்று தமக்குத்தாமே சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குப் போவார். அறுபத்தொன்பது வயதில் மனைவி பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாது. ஒரு கல்லுக்கடியில் உள்ளங்கையளவு இடம் வெற்றாக இருந்தால் அது காதில் விழுந்துவிடும்.

அந்தத் தரை அவர் போட்டது. ஐந்து வருடம் முன்பு, பதினெட்டு ஆட்களை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு நாளில் முடித்தார். டைல்ஸ் என்று அவர் வாயில் வராது. கல் என்றுதான் சொல்வார். சட்டைப்பையில் ஒரு கோலிக்குண்டு எப்போதும் இருக்கும். யாராவது வாய் கொடுத்தால் போதும், குண்டை எடுத்துத் தரையில் வைப்பார். "பாருங்க. அசையுதா? விட்ட எடத்துலயே நிக்குது. பெத்த பிள்ளைகூட இப்படி நிக்காது."

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பத்து வயதில் சாந்துச் சட்டி தூக்கினார். கையெழுத்துப் போடச் சொன்னால் பேனா அவரோடு மல்லுக்கு நிற்கும். ஆனால் பெரிய படிப்பு படித்தவர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மண்டையைச் சொறிந்தபோதெல்லாம் இவர் ஒரு நூலைக் கட்டி இழுத்துவிட்டிருக்கிறார், சொறிவது நின்றுவிடும். "எனக்கு வாத்தியாரு நூலும் தண்ணியுந்தான். ரெண்டுக்கும் பொய் சொல்லத் தெரியாது" என்பார். சும்மா சொல்லக் கூடாது, கை சுத்தமான வேலைக்காரர். அதை அவரே ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லிவிடுவதால் நாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்கும்படி போட வேண்டும், இந்தக் கடையில் வாசல் பக்கம். ஒன்றைத் திருப்பிப் போட்டால் நேரே பார்க்கையில் ஒன்றும் தெரியாது. காலைச் சாய்வெயில் விழும்போது அந்தக் கல் மட்டும் மங்கித் தெரியும். கடையின் வலது ஓரத்தில், சோப்பு அடுக்கும் துடைப்ப அடுக்கும் நிற்கிற பக்கம், அப்படிச் சில கல் உண்டு. அடுக்குகள் வந்து இறங்குவதற்கு முன்பே அவற்றை எண்ணி வைத்துக்கொண்டவர் மேஸ்திரியின் மைத்துனர், மனைவியின் தம்பி. மண் தோண்டும் இயந்திரம் வைத்திருப்பவர்.

"மாமா, பன்னெண்டு கல்லுக்கு அம்பு திரும்பிக் கெடக்கு. அம்பு விடத் தெரியாதவரு வில்லை ஏன் எடுத்தீங்க?"

குடும்பத்தில் நாலு பேர் கூடினால் மைத்துனருக்கு இதுதான் பேச்சு. ஒரு நூல் பிசகினால் ஊரைக் கூட்டுகிற மேஸ்திரி, "இருந்துட்டுப் போகட்டும்டா" என்று சாப்பாட்டைப் பார்ப்பார். அவர் மனைவி எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போய்விடுவார்.

அந்த அம்மாவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. வாரம் ஒரு நாள் கணவரோடு கடைக்கு வருவார். ஒரே ஒரு சோப்பு எடுக்க அரைமணி நேரம் ஆகும். ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்து வைப்பார். கடைசியில் எப்போதும் வாங்குகிற அதே சோப்பைத்தான் வாங்குவார்.

பெரிய கடை நிற்கிற இடம் முன்பு இடுகாடு. கடைக்காரர்கள் நிலத்தை வாங்கியபோது, பதிவேட்டில் பெயர் இருந்த அத்தனை பேரையும் முறையாக எடுத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். அப்போதே ஊர் இரண்டுபட்டது. ஒரு பாதி, செத்தவர்களை எழுப்பிவிட்டுச் சர்க்கரை விற்பதா என்றது. மறுபாதி, நாற்பது பேருக்கு வேலை, மழைக்கு நனையாமல் ஒதுங்க இடம் என்றது. கடை வந்த பிறகு இரண்டு பாதியும் அங்கேதான் சர்க்கரை வாங்கின.

மறுபடியும் சண்டை மூண்டது இந்த வருடம். வலது ஓரத்துத் தரையைப் பெயர்த்து, பன்னிரண்டடிக்குப் பள்ளம் தோண்டிக் குளிர்கிடங்கு கட்டப் போகிறார்கள் என்று சேதி வந்தது. தோண்டும் வேலை மைத்துனருக்கு. ஓய்வு பெற்ற மருத்துவச்சி ஒருவர் வீடு வீடாகப் போனார். பழைய மதிலோரம் ஒரு வரிசை இருந்தது, பிறந்து பேர் வைக்கும் முன்பே போன குழந்தைகள், பதிவேட்டில் ஏறாதவை, யாரும் அவற்றை எடுக்கவில்லை என்றார்.

கடை மேலாளர் நல்ல பிள்ளை. "நம்ம எடத்துலயே உக்காந்து பேசிடுவோம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்கும் முன், வாசல்பக்கம் நாற்காலி போட்டுவிட்டார். மேஸ்திரி மனைவியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"மொத்தம் பதினொண்ணு தம்பி. அத்தனையும் என் கையில வந்ததுங்க. எண்ணிக்கை எனக்கு மறக்காது" என்றார் மருத்துவச்சி.

"எந்த எடம்னு காட்டுங்கம்மா. அதைத் தொடாம வேலை செய்யச் சொல்றேன்."

"மதிலோரம்."

"மதில் எதும்மா?"

மருத்துவச்சி நாலு பக்கமும் பார்த்தார். மதிலை இடித்து ஐந்து வருடம் ஆகிறது. பற்பசையும் துடைப்பமும்தான் இருந்தன. "இதுக்குத்தான் சொல்றது, வயசானா வீட்டுல இருக்கணும்னு" என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். மேலாளர் ஒப்புதல் காகிதத்தைச் சுற்றுக்கு விட்டார்.

காகிதம் கடைசி வரிசைக்கு வந்தபோது மேஸ்திரி அதை வாங்கவில்லை. எழுந்து செருப்பைக் கழற்றினார்.

"அந்தச் சோப்பு அடுக்கைக் கொஞ்சம் நகத்துங்க தம்பி. தொடப்பத்தையும்."

நகர்த்தினார்கள். கண்ணாடி வழியே வெயில் சாய்ந்து தரையில் விழுந்தது. மங்கின கற்கள் பளிச்சென்று பிரிந்து தெரிந்தன.

"மண்ணு கொட்டறதுக்கு முந்தி ஒவ்வொண்ணுக்கும் தலைமாட்டுல ஒரு சின்னக் கல்லு இருந்துச்சு. எஞ்சினியர்கிட்ட சொன்னேன். பதிவேட்டுல இல்லைன்னு காகிதத்தைக் காட்டினாரு. எனக்குக் காகிதத்தோட வாதாடத் தெரியாது. கோலை வெச்சு அளந்துக்கிட்டேன். கல்லு போடும்போது அந்தந்த எடத்துல அம்பைத் திருப்பிட்டேன்."

"அப்பவே ஊருல சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றார் மேலாளர்.

"சொன்னா எடுப்பாங்க. எடுத்து எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்கன்னு யாரு கண்டா? மேல என் தரை கெடக்கு. அதை மீறி ஒண்ணும் ஆவாதுன்னு இருந்துட்டேன்."

மைத்துனர் முன்னால் வந்து நின்றார். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை. "மாமா, அந்தம்மா பதினொண்ணுங்கறாங்க. இங்க பன்னெண்டு கெடக்கு. நான் எத்தனை தரம் எண்ணியிருக்கேன்."

மேலாளர் எண்ணினார். பன்னிரண்டு. "ஒண்ணு அம்மா கணக்கு தப்பு, இல்ல உங்க கணக்கு தப்பு. தலைமை ஆபீசுல நான் எதைச் சொல்றது, ஐயா?"

மருத்துவச்சி பதினொன்றையும் விரல்விட்டு மறுபடி எண்ணினார். ஐந்து வாரம் வாசல் வாசலாக ஏறி இறங்கிச் சொன்ன எண் அது. மேஸ்திரி சட்டைப்பையில் கைவிட்டுக் கோலிக்குண்டைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டும் சரிதான் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். கிழவி மறந்துவிட்டாள் என்று ஊர் நம்பியிருக்கும், அவர் பேரும் நின்றிருக்கும். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா எழுந்து சோப்பு அடுக்கு இருந்த இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா சொல்றதுதான் சரி" என்றார் மேஸ்திரி. நடந்து போய், கோடிக்கல்லுக்கு அடுத்த கல்லைக் கால் கட்டைவிரலால் தொட்டார். "இது நான் தப்பாப் போட்டது."

கையை நீட்டி வரிசையைக் காட்டினார்.

"பதினோரு கல்லும் ஒரே வரிசை. ஒண்ணு விட்டு ஒண்ணு. நூல் புடிச்சுப் பாருங்க. இது மட்டும் பக்கத்துலயே ஒட்டிக் கெடக்கு, பாருங்க. பதினோராவது எங்களோடது. தலைச்சன். அதைப் போட்டு முடிச்சதும் கொஞ்ச நேரம் கண்ணு சரியாத் தெரியல. அடுத்த கல்லை அம்பு பாக்காம வெச்சுட்டேன். மூத்த பிள்ளைக்குப் போட்ட மாதிரியே அதுக்கும் போட்டுட்டேன்."

மைத்துனர் தன் அக்காவைப் பார்த்தார். தம்பி பிறப்பதற்கு முன்பு நடந்த கதை. வீட்டில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. தான் கையெழுத்துப் போட்டிருந்த ஒப்புதல் காகிதத்தை மேலாளரிடமிருந்து வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "என் வண்டி இங்க வராது சார். வேற ஆளைப் பாருங்க. வேற ஆளும் வர மாட்டான், நான் சொல்லிடுவேன்."

மூன்று வாரத்தில் குளிர்கிடங்கு பின்பக்கம், லாரி நிற்கிற இடத்துக்குப் போய்விட்டது. சோப்பு அடுக்கு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அங்கே ஒரு நீளப் பலகை போட்டிருக்கிறார்கள். மருத்துவச்சி வந்து உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறார். இடுகாட்டில் கடை கட்டியது சரியா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. அதே பலகையில் உட்கார்ந்துதான் இரண்டு கட்சியும் பேசுகின்றன. மேஸ்திரியின் பெருமையும் குறையவில்லை. "எட்டாயிரம் கல்லுல ஒண்ணு. வேற எவனாவது இருந்தா காட்டுங்க பாப்போம்" என்கிறார்.

அந்த ஒன்றை மாற்ற அவரே வந்தார். மேலாளர் ஆள் அனுப்புகிறேன் என்றதற்கு, "ஆள் போட்டா அது ஆள் போட்ட தரை" என்றுவிட்டார். முட்டி மடக்கி உட்கார்ந்து, பக்கத்துக் கல்லில் கீறல் விழாமல் உளியால் பெயர்த்தார். சாந்து குழைத்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மனைவி பலகையில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

புதுக் கல்லைக் கையில் எடுத்தவர் சட்டென்று பதிக்கவில்லை. ஐம்பத்தொன்பது வருட வேலையில் எவரிடமும் சரியா என்று கேட்டுப் பழக்கமில்லாத மனிதர், கல்லைக் கவிழ்த்து அதன் முதுகிலிருந்த அம்புக்குறியை மனைவி பக்கம் தூக்கிப் பிடித்தார். அந்த அம்மா அம்பைப் பார்த்து, வாசலைப் பார்த்து, பிறகு தலையை அசைக்கிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.